ஏழு துளை கேஸ்கெட்

பிப்ரவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். மாப்பிள்ளையின் தையல் கடை நன்றாக ஓடுகிறதா? என் இடதுகைக் கிறுக்கலைப் படிக்க முடியாவிட்டால் அவரிடம் கொடு, சிக்கிய நூலைப் பிரிப்பது அவர் தொழில்தானே.

அப்பாவின் உயில் என்று வக்கீல் அனுப்பிய காகிதம் வந்தது. கடையில் நின்றுகொண்டே ஒருமுறை படித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை படித்தேன். இரண்டு தடவையும் ஒன்றுதான் எழுதியிருந்தது. வீடும் நிலமும் இரண்டு பேருக்கும் சரிபாதி. டிராக்டர் மகளுக்கு.

முப்பது வருஷமாக டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு போல்ட்டைத் தொட்டால் எந்த வண்டி, எந்த இடம் என்று சொல்வேன். நீ பரிசோதனைக் கூடத்தில் அடுத்தவர் ரத்தத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறவள். உனக்கு டிராக்டர். நல்லவேளை, உன் மைக்ராஸ்கோப்பை எனக்கு எழுதி வைக்காமல் விட்டார்.

பொறாமை என்று நினைக்கிறாயா? நினைத்துக்கொள். கடைசி எட்டு வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டது நீ, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டி உனக்கு எதற்கு? ஆறு வருஷமாக ஓடாமல் கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு எழுதிக்கொடுத்துவிடு. லாரி அனுப்பி ஏற்றிக்கொள்கிறேன். கடை வாசலில் நிறுத்தி வைத்தால் எதிர்க்கடைக்காரன் வயிறு எரிவான். அதற்காவது பயன்படட்டும்.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நீ அழுவாய், மூன்றாவது நிமிஷம் நான் வைத்துவிடுவேன். எழுது.

உன்,
அண்ணன்

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை நானே படித்துவிட்டேன், நூல் பிரிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

வண்டியைத் தரமாட்டேன், அண்ணா. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதை ஓட வைக்கப் போகிறேன். அப்பா ஒரு பொருளை என் பெயருக்கு என்று தனியாகத் தந்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் உன் உதவி இல்லாமல் முடியாது போலிருக்கிறது. வண்டியின் காகிதங்களை எல்லாம் பெட்டியோடு கரையான் தின்றுவிட்டது. வாகன அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு சொன்னாள்: "நம்பர் இருந்தா அது வண்டி. நம்பர் இல்லேன்னா அது இரும்பு. ஏப்ரல் முப்பதுக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா பழைய இரும்புக் கணக்குல எழுதிடுவோம், அப்புறம் ரோட்டுல ஏத்த முடியாது."

நம்பர் எங்கே இருக்கிறது? ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் கம்பெனித் தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு ரிவெட் ஆணித் துளைகள்தான் இருக்கின்றன. அடியில் இரும்பிலேயே குத்திய நம்பரும் உண்டு என்றார் நம் மொட்டை மெக்கானிக். படுத்துக்கொண்டு பார்த்தேன். முதல் மூன்று எழுத்து தெரிகிறது. மிச்ச நான்கையும் அப்பா கலப்பைச் சங்கிலியைச் சுற்றிச் சுற்றியே தேய்த்துவிட்டார்.

எஞ்சின் பிளாக்கில் வார்ப்பில் வந்த எண் ஒன்று இருக்கிறது. இத்துடன் தனித்தாளில் எழுதி அனுப்புகிறேன். அதை வைத்து இது எந்த வகை, எந்த வருஷம் என்று சொல்ல முடியுமா? எஞ்சின் இறுகிப்போயிருக்கிறது. சிலிண்டருக்குள் டீசலை ஊற்றி ஊற வைத்திருக்கிறோம். ஊறட்டும், பத்து நாள் ஆகும் என்கிறார் மொட்டை.

இவர் கேட்கிறார், டிராக்டருக்கு உறை தைத்துத் தரவா, கழுத்து அளவு எவ்வளவு என்று.

அன்புடன்,
தங்கச்சி

*

மார்ச் 2

அன்புள்ள பொடிசுக்கு,

தரமாட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டாய். நல்லது. வியாபாரத்தில் எனக்கு இப்படிப்பட்ட ஆட்களைத்தான் பிடிக்கும், வீட்டில் பிடிக்காது.

நீ அனுப்பிய வார்ப்பு எண்ணைப் புத்தகத்தில் பார்த்தேன். அது பின்னால் வந்த வகை. லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் இரண்டு கிடக்கும். முதலில் வந்த வகையாக இருந்தால் ஆசைப்பட்டுத் தேடி வருகிறவர்கள் உண்டு, வைத்துக் காப்பாற்றுவதில் அர்த்தம் உண்டு. இதற்கு அவ்வளவு பாடு வேண்டாம். தகடு இல்லாமல், தேய்ந்த நம்பரோடு அந்த அம்மாளிடம் நடந்து செருப்பைத் தேய்க்காதே. முப்பதாம் தேதி இரும்பு என்று எழுதினால் எழுதட்டும். இரும்பாக நான் எடுத்துக்கொள்கிறேன். இரும்புக்கு என் கடை வாசலில் நிற்க நம்பர் வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். அந்த மொட்டை எங்கே சாமான் வாங்குகிறவன் என்று எனக்குத் தெரியும். எதிர்க்கடையில். அப்பா வண்டியில் எதிர்க்கடைக்காரன் சாமான் ஏறினால் நான் உன் வாசல்படி மிதிக்கமாட்டேன். அவனிடம் கேட்பது ஒன்று, அவன் கொடுப்பது ஒன்று. என் கடையிலிருந்து ஒரு தப்பான சாமான் இதுவரை வெளியே போனதில்லை. விளம்பரப் பலகைகூட அதனால்தான் நான் வைக்கவில்லை.

கிளட்ச் பெடலில் ஒரு இரும்புத் துண்டு பற்றவைத்திருக்குமே, ஒரு சாண் நீளத்துக்கு, அது இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

அண்ணன்

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த நாளில் எனக்கு நைட் டியூட்டி முடிந்து தூக்கத்தில் கண் செருகியது. படித்ததும் தூக்கம் போய்விட்டது. லட்சக்கணக்கில் செய்ததாகவே இருக்கட்டுமே. அதில் அப்பா உட்கார்ந்தது ஒன்றில்தானே.

நல்ல செய்தி: எஞ்சின் அசைந்துவிட்டது. மொட்டையும் நானும் முன்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினோம். கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல், பிறகு கால் சுற்று சுற்றியது. மொட்டை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "உசுரு இருக்கு. ஆனா தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கு. எஞ்சின் மேல்மூடி, அந்த ஹெட்டைத் தூக்கணும். தூக்கினா அடியில அடைச்சிருக்கிற பழைய கேஸ்கெட் கிழிஞ்சுரும், புதுசு கையில வச்சுக்கிட்டுத்தான் தூக்கணும்." எதிர்க்கடையில் சொல்லி வைக்கவா என்று கேட்டார். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சொல்லாவிட்டால் அங்கேதான் வாங்க வேண்டியிருக்கும்.

பெடலில் அந்தத் துண்டு இருக்கிறது. வண்டியைப் புதிதாக வந்தபோது இருந்தபடி ஆக்க வேண்டுமானால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும், கம்பெனி வைத்தது இல்லை அது என்கிறார் மொட்டை. எடுக்கவா, வேண்டாமா? பெயிண்ட்டைச் சுரண்டி, மேலிருந்து அடிவரை எத்தனை பூச்சு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து பழைய லென்ஸ் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தகடு எப்படிப் போனது என்று உனக்கு ஏதாவது தெரியுமா? அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "அது போன இடத்துல பத்திரமா இருக்கும்" என்றார்.

தங்கச்சி

*

மார்ச் 27

பொடிசுக்கு,

எதிர்க்கடையில் சொல்லாதே. இந்தப் பார்சலில் கேஸ்கெட் இருக்கிறது. மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கத்தியை வைத்து இழுக்காதே. இரண்டு பக்கமும் லேசாகக் கிரீஸ் தடவி, ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கச் சொல். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் மொட்டையின் கையைப் பிடித்து நிறுத்து. தண்ணி பம்ப்புக்கான வாஷரும் வைத்திருக்கிறேன். எதற்கும் நீ எதுவும் தர வேண்டாம்.

வண்டி ஓடட்டும். ஓடினாலும் நம்பர் இல்லாமல் கொட்டகைக்குள்தான் ஓட வேண்டும்.

பெடலைப் பற்றிக் கேட்டாய். வெட்டி எறி.

கேட்டதால் சொல்கிறேன். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய வருஷம் உனக்கு ஒன்பது வயது. ஒருநாள் வெளியே போய்விட்டு வருகிறேன், நடுவயலில் வண்டி வருகிறது, சீட்டில் நீ. ரெட்டைச் சடை, பல் இரண்டு விழுந்த வாய். அப்பா பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். உன் கால் கிளட்ச்சுக்கு எட்டாதே என்று பார்த்தேன். எட்டியது. அந்த இரும்புத் துண்டின் மேல் உன் பாதம் இருந்தது. பிள்ளைக் கால் எட்டுவதற்கென்றே பெடலை நீட்டிப் பற்றவைத்திருக்கிறார். எனக்குப் பதினெட்டு வயது. அதுவரை அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. உனக்காக இரும்பையே நீட்டிய மனுஷன் எனக்காக ஒரு வார்த்தையை நீட்டவில்லை.

அடுத்த வாரம் கிளம்பிவிட்டேன். ஒரு டிராக்டர் சாமான் கடையில் மூட்டை தூக்கி ஆரம்பித்தேன். மீதி உனக்குத் தெரியும். இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பாதி டிராக்டர் என் சாமானில் ஓடுகிறது. இதை ஒருமுறைகூட அந்த மனுஷன் வாயால் நல்லபடியாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அதனால், வெட்டி எறி. ஆனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. எனக்கு அனுப்பு.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹெட்டைத் தூக்கிவிட்டோம். நீ அனுப்பிய கேஸ்கெட்டை வைத்தோம். அளந்து வெட்டின மாதிரி உட்கார்ந்தது.

மொட்டை அதை வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, உங்க அண்ணன் இதுக்கு முன்ன இந்த ஹெட்டைத் திறந்திருக்காரா?" இல்லை என்றேன். அவர் விளக்கினார். முதலில் வந்த வகைக்கு கேஸ்கெட்டில் தண்ணி போகிற துளை ஏழு. பின்னால் வந்த வகைக்கு ஒன்பது. பிளாக்கில் இருக்கும் வார்ப்பு எண் இரண்டுக்கும் ஒன்றேதான், அதை வைத்துச் சொல்லவே முடியாதாம். ஹெட்டைத் திறந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டில் இருக்கும் நம்பர் தெரிய வேண்டும். "பின்னால வந்த வகைன்னு லெட்டர் போட்டவர், ஏழு துளை கேஸ்கெட் எப்படி அனுப்பினாரு? இது இப்ப எங்கயும் கிடைக்காதும்மா, எதிர்க்கடையிலகூட இல்ல."

உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நீ எழுதியிருந்தாய், உன் கடையிலிருந்து தப்பான சாமான் வெளியே போனதில்லை என்று. என்னிடம் தப்பாகச் சொல்ல உன்னால் முடிந்திருக்கிறது, அண்ணா. தப்பாகப் பொட்டலம் கட்ட முடியவில்லை.

தகடு இருந்த இடத்தின் நான்கு துளைகளையும் லென்ஸில் பார்த்தேன். ரிவெட்டை உளி வைத்து வெட்டிய தழும்பு நான்கிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. மொட்டை வலதுகையில் சுத்தியலைப் பிடித்து நின்று பார்த்தார், அப்படி வராது என்றார். நம் வீட்டில் இடதுகைக்காரர் ஒருவர்தான்.

திட்டுவதற்கு எழுதவில்லை. முதலில் திட்டத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பெடலைப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

வண்டியில் மூன்று பூச்சு இருக்கிறது. அடியில் கம்பெனி சிவப்பு. அதன்மேல் பச்சை. மேலே நமக்குத் தெரிந்த நீலம். பின்சக்கர வளையத்தில் நீலத்தைச் சுரண்டினேன், பச்சையில் ஒரு குட்டிக் கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெரிகிறது. அம்மா சொல்வாளே, நான் தவழ்கிற வயதில் ஈரப் பெயிண்ட்டில் கையை வைத்துவிட்டேன், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள் என்று. அதுதான். அப்படியென்றால் பச்சை அடித்தபோது எனக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

பெடல் துண்டைச் சுரண்டினேன். நீலம், அதற்கு அடியில் பச்சை. பற்றவைத்த தழும்பின் மேலேயே பச்சை ஓடுகிறது. தழும்புக்கு அடியில் சிவப்பு கருகியிருக்கிறது. மூன்று இடத்தில் சுரண்டிப் பார்த்தேன், மொட்டையையும் பார்க்கச் சொன்னேன். பச்சை அடிப்பதற்கு முன்னாலேயே அந்தத் துண்டு பெடலில் இருந்திருக்கிறது. தவழ்கிற பிள்ளைக்கு யாரும் கிளட்ச் நீட்டமாட்டார்கள். அப்போது உனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் வேறு பிள்ளை இல்லை.

என் கால் எட்டியது உன் பெடலில், அண்ணா.

நீ பொறாமைப்படுகிறாய் என்று எனக்கு எப்போதும் தெரியும். எனக்கு உன்மேல் பொறாமை இருந்தது உனக்குத் தெரியுமா? எட்டு வருஷம் நான் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நகம் வெட்டினேன். எனக்கு முன்னால் அவர் ஓட்டை பனியனில்தான் இருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை நீ வருகிற அன்றைக்கு மட்டும் காலையிலேயே சவரம் செய்துவிடு என்பார். இஸ்திரி போட்ட சட்டை கேட்பார். நீ போனதும் கழற்றிவிடுவார். மருந்துக் கடைக்காரர், கம்பவுண்டர், வாகன அலுவலகத்து அம்மாள் வரைக்கும் எல்லோரிடமும் "என் பையன் கடை" என்றுதான் பேச்சு. என் வேலை என்னவென்று கேட்டால், "ஏதோ ஆஸ்பத்திரியில" என்பார். உன்னிடம் அவர் சொல்லாததை எல்லாம் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

பெடலை வெட்டவில்லை. வண்டி முழுக்கப் பெயிண்ட் அடித்தாயிற்று, சிவப்பு. அந்த நான்கு துளைகள் இருக்கும் இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஏப்ரல் முப்பது வெள்ளிக்கிழமை. அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும்.

தங்கச்சி

*

ஏப்ரல் 22

பொடிசுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. கல்லாப்பெட்டியின் மேல் கிடந்தது. உன் அண்ணி, "பதில் போடாம இன்னும் எத்தனை நாள் அதையே முறைச்சுக்கிட்டு இருப்பீங்க" என்று கேட்டுவிட்டாள்.

தகடு இந்தப் பார்சலில் இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக என்னிடம்தான் இருந்தது. முதலில் டிரங்குப் பெட்டியில், பிறகு கடை மேஜையின் கீழ் இழுப்பறையில். எழுத்து தேயவில்லை. நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு அந்த அம்மாளிடம் போகாதே, தகட்டையே கொண்டு போய் மேஜையில் வை. அந்தக் கேஸ்கெட் இருபது வருஷமாக அதே இழுப்பறைக்கு மேலே ஆணியில் தொங்கியது. இரண்டு பேர் கேட்டார்கள், இல்லை என்று சொல்லி அனுப்பினேன். யாருக்காக வைத்திருந்தேன் என்று என்னைக் கேட்காதே.

ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. உன்னை அந்தச் சீட்டில் பார்த்த அன்று சாயங்காலம் எடுத்தேன். வண்டி முழுசாக உன்னுடையது ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன். இந்தத் தடவையும் அதே நினைப்புதான். முப்பதாம் தேதி தாண்டட்டும், இரும்பாகட்டும், பிறகு என்னிடம் வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். வேறு எந்தக் காரணமும் சொல்லி உன் காதில் பூச்சுற்றப் போவதில்லை.

ஆனால் இதுவரை யாரிடமும், உன் அண்ணியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் லென்ஸ் அதுவரைக்கும் வந்துவிட்டது, மிச்சத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

எனக்குப் பத்து வயது. "வாடா, உக்காரு" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது, சீட்டு நடுங்கியது. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். மறுநாளும் கூப்பிட்டார். கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, "சத்தம் இல்லாதப்போ வந்து உக்காரு, போதும்" என்றார். அதற்கும் போகவில்லை. மூன்றாம் நாள் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. பெடலில் அந்தத் துண்டு எப்போது வந்தது என்று நான் கவனித்ததே இல்லை. அந்தப் பக்கமே போகாதவன் எப்படிக் கவனிப்பேன்? எட்டு வருஷம் கழித்து உன் கால் அதன்மேல் இருந்தபோதுதான் முதல்முறை பார்த்தேன்.

ஆக, எனக்காகவும் நீட்டியிருக்கிறார். நான்தான் காலை வைக்கவில்லை. அதற்கு உன்மேல் முப்பத்தெட்டு வருஷம் பொறாமைப்பட்டிருக்கிறேன். இனி நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன். ஓட்டை பனியனோடு அவர் உன் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாயே, அதைப் படித்தபோதும் அதேதான் வந்தது. எனக்கு இஸ்திரி போட்ட சட்டையைத்தான் காட்டினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஒரு வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தெரியும், சீட்டில் ஏறி உட்கார்ந்ததில்லை. கடைக்கு வருகிறவன் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் முதுகுவலி என்பேன்.

படிவத்தில் உன் பெயரை எழுது. உன் பெயரை மட்டும். முப்பதாம் தேதி வரை காத்திருக்காதே, பார்சல் வந்த மறுநாளே போ.

தகட்டைத் திரும்ப அடிக்க நான்கு ரிவெட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கும். மொட்டையை விட்டு மூன்றை அடிக்கச் சொல். நான்காவது துளையை யாரும் தொட வேண்டாம். மே முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதை நான் அடிக்கிறேன், இடதுகையால்.

அன்றைக்கு மொட்டையை எங்காவது வேலைக்கு அனுப்பிவிடு. மாப்பிள்ளையையும் கடைக்குப் போகச் சொல். எஞ்சினை முதலில் ஓட விடாதே. சத்தம் இல்லாதபோது ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறேன். பெடல் அப்படியே இருக்கட்டும். என் கால் இப்போது அது இல்லாமலே எட்டும், இருந்தாலும் இருக்கட்டும்.

உன்,
அண்ணன்